மெற்றில்டாவிடம் இருந்து தொற்றிய பேச்சு

புளியங்கொட்டை நாக்குக்கு அடியில் முதலில் வழவழவென்று வழுக்கும், கொஞ்ச நேரத்தில் தோல் ஊறித் துவர்ப்பு இறங்கும், பிறகு அந்தத் துவர்ப்போடு வாய் நிறைய எச்சில் ஊறி உதட்டோரம் வழியத் தொடங்கும். எதையும் விழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு கொட்டைகளையும் அப்படியே அடக்கி வைத்துக்கொண்டு, வகுப்பின் முன்னால் நின்று செய்யுளை வாசிக்க வேண்டும். என் பேச்சின் வேகத்தைக் குறைப்பதற்காக ஆறாம் வகுப்பில் எங்கள் தமிழ் டீச்சர் கண்டுபிடித்த வைத்தியம் அது. வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஒரு வருடம் முழுக்க நடந்தது. எச்சில் வழிந்து சீருடையின் கழுத்துப் பட்டி நனையும், நாற்பத்தைந்து பிள்ளைகள் மேசையில் தலை கவிழ்த்துச் சிரிக்கும், டீச்சர் மட்டும் சிரிக்காமல், "நிறுத்தி வாசி, ஒவ்வொரு சொல்லா வாசி" என்று பிரம்பால் மேசையைத் தட்டுவார். நல்லதுக்குத்தானே செய்தார் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் உண்டு. நான் சொல்ல மாட்டேன்.

நான் வேகமாகப் பேசுகிறவளாகவே பிறந்தேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் அடுத்த இரண்டு வாக்கியங்கள் பின்னால் வந்து முட்டும். முட்டிய வேகத்தில் சொற்களின் வால்கள் அறுந்து போகும், நடு எழுத்துகள் காணாமல் போகும், கேட்கிறவர்களுக்கு ஒரு இரைச்சல்தான் மிஞ்சும். எனக்கோ எல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டதாகவே இருக்கும். "வாயில எஞ்சின் மாட்டியிருக்கா", "எவன் துரத்துகான் இவள?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மாவின் அக்காவான பெரியம்மை எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தாள். குடும்பத்தில் எது நடந்தாலும் தீர்ப்புச் சொல்லும் உரிமை அவளுக்கு எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. பச்சைப்பிள்ளையாக இருந்தபோது, பேச்சு வருவதற்காக என் நாக்கில் வசம்பை அளவுக்கு மீறி உரசிவிட்டதாக அவள் அம்மாவைக் குற்றம் சொன்னாள். "ஒரு இழைப்பு இழைச்சாப் போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இவ கேட்டாளா?" என்பாள். என் அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள்.

வாயோடு போனால் பரவாயில்லை. கையும் காலும் அதைவிட மோசம். பன்னிரண்டு வயதிலும் எனக்குச் சட்டைப் பொத்தானைத் துளைக்குள் சரியாக நுழைக்கத் தெரியாது, சடை ரிப்பனில் முடிச்சு நிற்காது, சமநிலத்தில் நடந்தாலே வாசற்படியில் தோளை இடித்துக்கொள்வேன். தீயல் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வா என்றால் பாதித் தீயல் தரையில் கிடக்கும். என் கையெழுத்தை நானே மறுநாள் வாசிக்க முடியாது. வீட்டில் எனக்கு "தட்டுமுட்டு" என்று பெயர். போகிற வழியில் எதையாவது தட்டிவிடாமல் நான் போனதே இல்லை என்பதால். அந்தப் பெயரை அப்பாகூடச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

இத்தனைக்கும் மேலே இருந்த தலையைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. கோட்டாற்றில் அப்பா ஒரு பெயிண்ட் கடை வைத்திருந்தார். நீளம் இத்தனை, அகலம் இத்தனை, சன்னல் மூன்று, இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும், எத்தனை லிட்டர் வேணும் என்று யாராவது வந்து கேட்பார்கள். அப்பா காதில் செருகிய பென்சிலை எடுப்பதற்குள் நான் விடையைச் சொல்லியிருப்பேன். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "பிள்ள என்ன கேக்கு?" என்பார். "அது சும்மா பேசிட்டிருக்கும்" என்று அப்பா தாளில் பெருக்கி, கழித்து, கடைசியில் நான் சொன்ன அதே விடைக்கு வந்து சேர்வார். நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. என் பள்ளிக்கூட விடுமுறைகள் எல்லாம் அப்படித்தான் கழிந்தன.

ஏழாம் வகுப்புக்குப் போகுமுன், அந்த மாசிக் கொடை விழாவுக்குப் பெரியம்மை எங்களை மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உடம்பில் எந்த இடத்தில் நோக்காடோ அந்த உறுப்பின் உருவைத் தகட்டில் வாங்கிப் பகவதிக்கு நேர்ச்சையாகச் செலுத்துவது வழக்கம். கடையில் கை இருந்தது, கால் இருந்தது, கண் இருந்தது, வயிறுகூட இருந்தது. பெரியம்மை, "நாக்கு இருக்கா?" என்று கேட்டாள். கடைக்காரர், "நாக்கு யாரும் கேக்கதில்ல அக்கா, அதனால வைக்கதில்ல" என்றார். அப்படியானால் கையா, காலா என்று அம்மாவும் பெரியம்மையும் அந்தக் கூட்டத்தில் நின்று வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் பெரியம்மை, "எல்லாத்துக்கும் மூலம் மண்டதான், மண்டய எடுங்க" என்று சொல்லித் தலை உரு ஒன்றை வாங்கி என் கையில் வைத்தாள். அதையும் நான் மணலில் மூன்று தடவை போட்டேன். என் உடம்பில் கோளாறு இல்லாத ஒரே இடம் எதுவோ, அதைக் குணமாக்கித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டு, நேர்ச்சைப் பலகாரமான மண்டையப்பமும் வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்கு வந்தோம். அம்மனுக்குக் கோபம் வந்திருக்காது, எனக்கு வந்தது.

ஏழாம் வகுப்பில் மெற்றில்டா வந்து சேர்ந்தாள். ஊர் இனயம், கடற்கரைக் கிராமம். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், வீட்டில் ஆறு பிள்ளைகள், இவள் நான்காவது; பள்ளிக்கூடத்தை ஒட்டிய விடுதியில் தங்கிப் படிக்க வந்திருந்தாள். மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது. என் பக்கத்தில் எப்போதும் இடம் இருக்கும், மைக்குப்பியைத் தட்டிவிடுவேன் என்ற பயத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவள் உட்கார்ந்ததும், உங்க ஊர்ல கடல் எப்பவும் சத்தம் போடுமா, அப்போ எப்படித் தூங்குவிய, மழை பெய்தா கடல் நிறையுமா, உங்கப்பாவுக்கு நீந்தத் தெரியுமா என்று என் வழக்கமான வேகத்தில் கேட்டேன். அவள் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டே, "போடும். சத்தம் இல்லேன்னாத்தான் தூக்கம் வராது. நிறையாது. தெரியும்" என்றாள். நான்கு கேள்விக்கும் வரிசையாக நான்கு பதில். என் வாழ்க்கையில் அதுவரை ஒருவரும் நான் கேட்டதற்கு அப்படிப் பதில் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உனக்கு நான் பேசுகது புரியுதா?" என்று கேட்டேன்.

"புரியாம என்ன? எங்க வீட்ல இதவிட வேகமாச் சண்ட போடுவாவ" என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் ஒரு முழு ஆளாக இருந்தேன். காலையில் என் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிவிடுவாள், மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து தருவாள். கணக்கு எனக்குப் பார்த்ததும் விளங்கிவிடும். அதை அவளுக்கு வாயால் சொல்வேன், அவள் அதை ஒவ்வொரு படியாக எழுதிக் காட்டுவாள். அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் என் தலைக்குள் ஓடுவதற்குப் படிகள் உண்டு என்பதே எனக்குத் தெரிய வந்தது. நானும் அவளைப் போல ஒரு வரிக்குக் கீழே ஒரு வரி என்று எழுதப் பழகினேன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் அவள் முதலாவது, நான் இரண்டாவது. டீச்சராகி, கரும்பலகையில் ஒரு கோடுகூட வளையாமல் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. சாக்பீஸ் துண்டு கிடைத்தால் பாவாடை மடிப்பில் முடிந்துகொள்வாள்.

இரண்டு பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள், இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் ஆட்கள் நினைக்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் உள்நாட்டுக்காரர்கள், கடற்கரையில் இருக்கிறவர்களின் பேச்சை "கடப்புறத்துப் பேச்சு" என்பார்கள். சத்தமாக, வேகமாக, ராகம் போட்டு இழுத்து இருக்கும் என்பது பொருள். நாகரிகம் இல்லாதது என்பது சொல்லாமல் விட்ட பொருள். இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு பழைய கசப்பு இருந்தது. அது எதனால் வந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, ஆனால் அதை எங்கள் கையில் கொடுக்க மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோரைக் கூப்பிட்டிருந்த நாளில், கணக்கு டீச்சர் அம்மாவிடம், பிள்ளையின் மார்க் கூடியிருக்கிறது, ஆனால் பேச்சு ரொம்ப மோசமாகிவிட்டது என்றார். கூடவே வந்திருந்த பெரியம்மை, "யாருக்க பக்கத்துல இருக்கா?" என்று கேட்டாள். டீச்சர் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அம்மா, பெரியம்மை இரண்டு பேர் முகத்திலும் தெளிவு வந்தது. அவ்வளவுதான், நோய் கண்டுபிடித்தாகிவிட்டது. "கடப்புறத்துப் பிள்ள பக்கத்துல இருந்தா பின்ன எப்படிப் பேசுவா?" என்று பெரியம்மை சொன்னாள்.

வசம்பு எங்கே போயிற்று? புளியங்கொட்டை எங்கே போயிற்று? அந்தத் தலை உருவை மணலில் நான் போட்டுப் போட்டு எடுத்தபோது மெற்றில்டா என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாதே? பிறந்ததில் இருந்து நான் இப்படித்தான் பேசுகிறேன் என்று என்னைப் பெற்றவளுக்குத் தெரியும், வருடம் முழுக்க என்னைக் கேலி பேசிய பெரியம்மைக்குத் தெரியும், அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நிமிடத்தில் அத்தனை பேரும் மறந்தார்கள். ஒரு பழியைப் போட வசதியான இடம் கிடைத்துவிட்டால் மனிதர்களுக்கு மறதி எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதலில் அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். நாங்கள் இடைவேளையில் குழாயடியில் நின்று பேசினோம். யாரோ போய்ச் சொல்ல, அதுவும் கூடாது என்றார்கள். அப்போதும் பேசினோம். ஒரு நாள் தலைமை ஆசிரியை எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே கணக்கு டீச்சர் இருந்தார், அம்மாவும் பெரியம்மையும் இருந்தார்கள். மெற்றில்டாவுக்காக யாரும் இல்லை. அவள் அப்பா கடலில் இருந்தார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து, "இந்தப் பேச்ச எல்லாம் இவகிட்ட இருந்துதானே பழகின? நிறுத்தி, நிதானமாச் சொல்லு" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா என் தோளைத் தொட்டாள். மெற்றில்டா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைமை ஆசிரியை, "சரி, போங்க" என்றார். ஒரு பிள்ளையைக் கெடுக்கிறவளை விடுதியில் வைத்திருப்பது எப்படி என்று பேச்சு எழுந்தது. அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவமானப்பட்டுப் படிக்க வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம், இறால் கம்பெனிக்கு உரிக்கப் போகிறாளாம் என்று விடுதிப் பிள்ளைகள் சொன்னார்கள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு.

அவள் போன பிறகும் என் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. மாறாததைப் பார்த்த பிறகாவது, நாம் சொன்னது தப்பு என்று ஒருவர் வாயில் இருந்தாவது வரவேண்டுமே? "ஒட்டினது லேசுல போவாது" என்றாள் பெரியம்மை.

நானே என்னை மாற்றினேன். ஒரு சொல் சொல்லிவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி அடுத்த சொல்லைச் சொல்வேன். பத்து வருடம் அப்படி எண்ணிப் பழகி, இன்றைக்கு ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். என் வகுப்பில் தூக்கம் வருகிறது என்று மாணவர்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. ஒரு வாக்கியத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் தலைக்குள் வந்த மூன்று யோசனைகள் கலைந்து போய்விடும். பேச்சு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

போன வருடம் என் மகளுக்காக நாகர்கோவிலில் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். ஒன்பது வயது. அதே வேகம், அதே பொத்தான், அதே கையெழுத்து, அந்த வயதுக்கு மீறிய அதே கணக்கு. என் வயதில் பாதியே உள்ள ஒரு பெண் அவளோடு மூன்று நாள் விளையாடி, பேச வைத்து, எழுத வைத்து, மூன்று பக்கத்தில் ஒரு அறிக்கை கொடுத்தாள். சிந்தனை மிக வேகமாக ஓடுகிற மீத்திறன் உள்ள பிள்ளை. கூடவே டிஸ்பிராக்சியா, அதாவது செய்ய வேண்டியதை மூளை சரியாக நினைத்தாலும், தசைகள் அதை வரிசைப்படி செய்து முடிப்பதில் தடுமாற்றம். வேகமாகப் பேசுகிற எல்லோருக்கும் இப்படி இருக்காது, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருந்தால் பேச்சு இப்படி முண்டியடிக்கலாம் என்று பொறுமையாக விளக்கினாள். கையைப் பார்க்கிறவர்களுக்குத் தலை தெரியாமல் போகும், தலையைப் பார்க்கிறவர்கள் கையைச் சோம்பல் என்பார்கள் என்றாள். "யாரும் திட்டாம, கூட இருந்து புரிஞ்சுகிட்டாலே பாதி சரியாகும்மா. வகுப்பில அப்படி ஒரு ஃபிரண்டு இருக்காங்களா?" என்று கேட்டாள்.

வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகு அந்த மூன்று பக்கத்தையும் மறுபடி வாசித்தேன். எந்தப் பிள்ளை எனக்கு மருந்தாக வந்தாளோ அவளை நோய் என்று சொல்லி அடித்து விரட்டியிருக்கிறார்கள். தமிழ் டீச்சரும் கணக்கு டீச்சரும் இப்போது உயிரோடு இல்லை, தலைமை ஆசிரியை இல்லை, பெரியம்மை போய்ச் சேர்ந்து ஆறு வருடம். திட்டுவதற்குக்கூட ஒருவரையும் மிச்சம் வைக்காமல் போய்விட்டார்கள். அந்த அறிக்கையைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு எனக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. என் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசித்துவிட்டு, "அந்தக் காலத்துல நமக்கு என்ன தெரியும் மக்கா" என்றாள். தெரியாதது தப்பில்லை அம்மா, தெரிந்ததை மறந்தீர்களே என்று கத்தினேன். அன்றைக்கு நான் எண்ணிப் பேசவில்லை. அதனாலோ என்னவோ அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இனயத்துக்குப் போனேன். மூன்று இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மெற்றில்டாவுக்கு முன்தலை நரைத்திருந்தது. குவைத்தில் பதினொரு வருடம் ஒரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். மகள் நர்சிங் படிக்கிறாள். கடல் அரித்து அவர்களுடைய பழைய வீடு இருந்த இடம் இப்போது இல்லை, பாறை அடுக்கிய தடுப்புதான் இருந்தது. பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்து எதிரே உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அறிக்கையில் இருந்ததைச் சொன்னேன், இப்படி ஒரு தடுமாற்றம் எனக்கு இருந்திருக்கிறது, அன்றைக்கு அந்த அறையில் என் வாயில் பேச்சு வராமல் போனதற்கு அதுதான் காரணம் என்று சொன்னேன்.

"நல்லாப் பேசுக இப்போ" என்றாள். பிறகு கேட்டாள்: "'இல்ல'ன்னு ஒரு வார்த்ததானே ஏட்டி? அத வேகமாச் சொன்னா என்ன, மெதுவாச் சொன்னா என்ன?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும், அந்த அறையில் நின்றபோதே தெரியும். நான் பிறந்த பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் குற்றம் என் நாக்கை விட்டு வேறொருத்தியின் மேல் போயிருந்தது. அம்மாவின் கை என் தோளில் அன்பாக இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் 'இல்ல' என்று சொல்லாமல் நின்றேன். அதை அவளிடம் சொல்லத்தான் போயிருந்தேன். சாயா ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லாமல் எழுந்து வந்தேன்.